மிலுக்கன் என்றால் என்ன?

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு நூறக்கா என்று பேர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் வருகைப் பதிவேட்டோடு சரி. இந்தப் பட்டப்பேர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் வார்டு நர்சுகளிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லார் வாயிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. காரணம் வேறொன்றுமில்லை. ஊழியர்களுக்கு நடக்கும் வாசிப்பு வகுப்பில் இதுவரை பதினோரு தேர்வு வைத்தார்கள். பதினொன்றிலும் அவள் நூற்றுக்கு நூறு. சும்மா சொல்லக் கூடாது, ஒன்றில்கூட அரை மதிப்பெண் குறையவில்லை.

அவள் வகுப்புக்கு வந்தது பொழுது போகாமல் அல்ல. பத்தொன்பது வருஷமாக ஈரத்துணி மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் கழன்றுவிடும் நிலைக்கு வந்திருந்தது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி ஒரு தலையணை உறையைக்கூடத் தூக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். நிர்வாகம் ஒரே ஒரு வழி காட்டியது. இரண்டாம் மாடியில் கிருமி நீக்கும் அறை இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் துணிகளை மடித்து, பொட்டலம் கட்டி, நீராவி இயந்திரத்தில் வைக்கிற இடம். உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு குறிப்புச்சீட்டு வரும், அதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். அதனால் வாசிப்புத் தேர்வில் எழுபது எடுத்தால் மேலே, எடுக்காவிட்டால் வீட்டுக்கு.

வீட்டுக்குப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பாதி வாழ்க்கையை இந்தக் கட்டடத்தில் கழித்தவள். சோப்பு வாடை இல்லாத காலைப்பொழுது எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஆனாலும் கவலைப்படவில்லை. நூற்றுக்கு நூறு எடுப்பவள் எழுபதுக்கா பயப்படுவாள்?

வகுப்பு வாரத்தில் இரண்டு நாள், மதியம் மூன்று மணிக்கு. நர்சுப் பள்ளியின் பழைய வகுப்பறை. மூலையில் ஒரு முழு எலும்புக்கூடு கம்பியில் தொங்கும். ஆஸ்பத்திரிச் சமையல்காரர் வந்ததும் வராததுமாகத் தன் மேலங்கியைக் கழற்றி அதன் தோளில் மாட்டிவிடுவார். "இவருக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக்குடுங்க டீச்சர், ரொம்ப நாளா காத்துக்கிட்டு நிக்கிறாரு" என்று தினம் தவறாமல் ஒரே நகைச்சுவை. டீச்சரும் தினம் தவறாமல் சிரிப்பாள். இருபத்தாறு வயதுப் பெண். அவளைவிட வயதில் குறைந்த மாணவர் ஒருவர்கூட அந்த அறையில் கிடையாது. காதில் சிவப்புப் பேனா செருகியிருக்கும். ஒற்றை வார்த்தையில் பதில் எழுதினால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. "முழு வாக்கியமா எழுதுங்க" என்பதை அவள் சொல்லாத நாளே இல்லை.

நூறக்காவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். சின்ன வயதில் ஐந்து வகுப்பு படித்தவள். ஆனால் அவள் நூறு எடுத்த விதமே வேறு. அதைத் தப்பு என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை, அதனால் ஒளிக்கவும் இல்லை. சலவைக்கூடத்துக்கு வரும் ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் வார்டு எண் முத்திரை குத்தியிருக்கும். பதினாலைப் பதினாலோடு சேர்க்க வேண்டும், ஒன்பதை ஒன்பதோடு. அந்த விரிப்பில் யார் படுத்தார்கள், பிழைத்தார்களா போனார்களா, அதெல்லாம் சேர்க்கிறவளுக்குத் தேவையில்லை. கண் போகும், கை போகும், மலைபோலக் கிடந்த துணி ஒரு மணி நேரத்தில் அடுக்கடுக்காக நிற்கும். தேர்வுத் தாளையும் அவள் அப்படியேதான் பார்த்தாள். கேள்வியில் உள்ள ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வாள். அதே வார்த்தை பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடுவாள். கிடைத்ததும் அந்த வரியை முழுசாக எடுத்து எழுதிவிடுவாள். முழு வாக்கியம் வேண்டும் என்று டீச்சரே சொல்கிறாளே! சிவப்புப் பேனாவும் பத்து பத்தாகப் போட்டுக்கொண்டே போனது.

அவள் கணவர் வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். பெருமை பிடிபடாமல் பதினோரு தாளையும் ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். கதவின் நிறமே வெளியில் தெரியாது. விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுவார். தண்ணீர் கொடுப்பது அப்புறம்தான்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சர் பன்னிரண்டாவது தாளைக் கொடுத்தாள். சின்னப் பத்தி, ஐந்தே கேள்வி.

"பொழுது சாய்ந்ததும் ஒரு மிலுக்கன் நாவட்டையில் ஏறியது. அங்கே இரண்டு பொணுங்குகள் லவித்துக்கொண்டிருந்தன. மிலுக்கன் அவற்றை மெல்லக் கிணுத்தியது. பொணுங்குகள் சவுப்பிவிட்டதால் மிலுக்கன் பசியோடு திரும்பியது."

மிலுக்கன் எதில் ஏறியது? நாவட்டையில் ஏறியது. பொணுங்குகள் என்ன செய்துகொண்டிருந்தன? லவித்துக்கொண்டிருந்தன. மிலுக்கன் ஏன் பசியோடு திரும்பியது? பொணுங்குகள் சவுப்பிவிட்டதால் திரும்பியது. நூறக்காவின் பேனா எங்கேயும் நிற்கவில்லை. மற்றவர்கள் பாதியில் இருக்கும்போதே நீட்டிவிட்டாள். டீச்சர் அங்கேயே திருத்தி, நூறு போட்டாள். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, மிலுக்கன்னா என்ன?"

அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கதையே இல்லை. நூறு என்று பேர் எடுத்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"பூனை" என்றாள். "ஒரு வகைப் பூனை."

"பொணுங்கு?"

"எலி."

சமையல்காரர் தலையை ஆட்டி, கரெக்ட், பூனை என்றால் எலியைத்தானே கிணுத்தும் என்று ஒத்து ஊதினார். டீச்சர் சிரிக்கவில்லை. தாளை மேசைமேல் வைத்தாள். காலையில் பஸ்ஸில் வரும்போது தானே உண்டாக்கிய வார்த்தைகள் இவை, எந்த அகராதியிலும் கிடையாது, இந்தப் பத்திக்கு அர்த்தமே இல்லை என்றாள். ஆனால் எல்லாருமே நூறு எடுக்கப்போகிறார்கள் என்றும் சொன்னாள்.

யாரோ களுக்கென்று சிரிக்க, அறை முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. எல்லாரும் தங்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நூறக்காவுக்கு மட்டும் அத்தனையும் தன் மேல் வந்து விழுந்ததாகப் பட்டது. முகம் சுண்டிப்போயிற்று. டீச்சர் மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இது உங்கள் தப்பில்லை, மூன்று மாதமாக நான் கேட்ட கேள்விகள்தான் தப்பு என்பது போல. எதுவும் காதில் ஏறவில்லை. தாளைப் பிடுங்கிக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள். தன் மகள் வயதுப் பெண், பத்துப் பேர் நடுவில் மூக்கை உடைத்துவிட்டாளே என்று வழியெல்லாம் பொருமல். இனி அந்த வகுப்புப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று பஸ் நிறுத்தத்திலேயே முடிவு கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் கணவர் பையைக் குடைந்து தாளை எடுத்து, தொடையில் வைத்து நீவி, ஃபிரிட்ஜில் ஒட்டியே விட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். நல்ல கதை, பாவம் அந்தப் பிராணி பட்டினியாகப் போயிற்று என்று உச்சுக்கொட்டினார். எந்தப் பிராணி என்று அவள் கேட்டாள். அவர் சிறிது யோசித்து, ஏதோ நரி மாதிரி இருக்கிறது என்றார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவர் என்னவோ ஏதோ என்று பதறிப்போனார். விஷயம் தெரிந்ததும் தாளை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். ஆனால் ஒட்டியதை எடுக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல சலவை இயந்திர அறைக்குப் போனாள். வலது கையால் எதையும் தூக்க முடியாததால் இப்போதெல்லாம் அவளுக்குத் துடைக்கிற வேலைதான். சுவரில் ஒரு பச்சைப் பலகை உண்டு. பத்தொன்பது வருஷமாக அவள் கையால் துடைத்த பலகை. புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவர்களை முன்னால் நிறுத்தி அதைக் கணீரென்று வாசித்துக் காட்டச் சொல்வதும் அவளிடம்தான். மனப்பாடம்.

"நனைந்த நிலையிலுள்ள பொதிகளைத் தனிநபர் கையாளுதல் தவிர்க்கப்படல் வேண்டும்."

துணியை வைத்துத் துடைத்தவள் பாதியில் நின்றாள். நேற்றுக் கேட்ட கேள்வி விடாமல் பின்னாலேயே வந்திருந்தது. தனிநபர்னா என்ன? பொதின்னா என்ன? ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தாள். பையிலிருந்து வகுப்பு நோட்டை எடுத்தாள். டீச்சர் எழுதிப்போட்ட சொற்பட்டியலில் கையாளுதல் இருந்தது, தவிர்த்தல் இருந்தது. எதிரே அர்த்தமும் அவள் கையெழுத்திலேயே இருந்தது. முத்து முத்தாக எழுதியிருந்தாள், ஒன்றும் மண்டைக்குள் போகவில்லை. மிச்சம் இரண்டையும் மருந்தகத்துப் பெண்ணிடம் போய்க் கேட்டு வந்தாள். திரும்பி வந்து பலகை முன் நின்று, தன் வார்த்தையில் தனக்கே சொல்லிப் பார்த்தாள்.

ஈர மூட்டையை ஒரு ஆளாகத் தூக்கக் கூடாது.

கூடைமேல் உட்கார்ந்துவிட்டாள். பத்தொன்பது வருஷம். அந்தப் பலகைக்குக் கீழேதான் மூட்டையைத் தோளில் ஏற்றுவாள். புதியவர்களுக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டு, வாங்க தூக்கலாம் என்று ஆளுக்கு ஒரு மூட்டையாக ஏற்றிவிட்டதும் அவள்தான். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். காது மடல் சிவந்துவிட்டது. தான் வருவதற்கு முன்னாலிருந்தே தொங்குகிற பலகை, ஏதோ தீயணைப்புச் சமாச்சாரம் என்று இதுவரை நினைத்திருந்தேன் என்றார். அன்று மதியமே ஒரு மூட்டைக்கு இரண்டு ஆள் என்று ஆயிற்று.

அடுத்த வகுப்புக்கு நூறக்கா எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வாசலில் அவளைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். அந்தப் பெண்ணும் மூன்று நாள் தூங்கவில்லை போலிருந்தது, கண் வீங்கியிருந்தது.

"டீச்சர், அந்த மிலுக்கன் எங்க மெஷின் ரூம் சுவத்துலயும் இருக்கு" என்றாள் நூறக்கா. "பத்தொம்பது வருஷமா நான்தான் அதைத் துடைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

பலகை விஷயத்தைச் சொல்லி முடித்ததும் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, இனிமேல் வேறு மாதிரி படிக்கலாமா அக்கா என்று கேட்டாள். மார்க் குறையும், பரவாயில்லையா? நூறக்கா, கருமம் பிடித்த மார்க் போனால் போகட்டும் என்றாள்.

போனது என்றால் அப்படி ஒரு போக்கு. புது முறையில் பத்தியைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். படித்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். தெரியாத வார்த்தைக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி. வெட்கப்படாமல் கேட்க வேண்டும். முதல் நாள் நூறக்காவின் தாள் அம்மை போட்ட மாதிரி புள்ளியாக இருந்தது. முதல் தேர்வில் முப்பது. அடுத்ததில் நாற்பது. சமையல்காரர் முப்பதக்கா என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவருடைய இருபதை அவள் நினைவுபடுத்தியதும் எலும்புக்கூட்டிடமிருந்து மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு அடங்கிவிட்டார். வீட்டில் கணவர் முப்பதை வைத்துக்கொண்டு ஃபிரிட்ஜ் முன் தவித்தார். ஒட்டுங்க, அது ஒண்ணுதான் நானே எடுத்த மார்க் என்று அவள் சொன்ன பிறகுதான் ஒட்டினார்.

அந்த மூன்று வாரமும் டீச்சர் வகுப்பு முடிந்ததும் கிளம்பவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். சிகிச்சை அறைக் குறிப்புகள், மருந்து உறைகள், லிஃப்டில் ஒட்டிய எச்சரிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் இருவருமாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். நூறக்காவுக்கு ஒரு புது ருசி பிடித்துவிட்டது. வழியில் தெரிகிற பலகை எதையும் சும்மா விடுவதில்லை. அவளோடு நடந்து போனால் பத்து நிமிஷ வழிக்கு அரை மணி என்று கணவர் புலம்ப ஆரம்பித்தார்.

தேர்வு நாள் வந்தது. இதில் தோற்றால் வீடுதான். அது அவளுக்கு ஒரு நொடியும் மறக்கவில்லை. பத்தி கிருமி நீக்கும் அறையைப் பற்றியது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடும் ஒரு நீராவி இயந்திரம். பொட்டலத்தின்மேல் ஒட்டும் நாடாவில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவியின் சூடு பட்டால் அவை கறுத்துவிடும். ஒரு நாள் ஒரு செவிலியர் ஒரு பொட்டலத்தை எடுக்கிறார், கோடுகள் வெளிறியே இருக்கின்றன, அதைத் தனியே வைத்துவிடுகிறார். அவ்வளவுதான். ஏன் வைத்தார் என்று பத்தியில் ஒரு வரி கிடையாது. கேள்வி அதைத்தான் கேட்டது.

நூறக்கா தாளைக் கவிழ்த்தாள். கண்ணை மூடி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். கோடு கறுக்கவில்லை. அப்படியானால் சூடு படவில்லை. அப்படியானால் கிருமி சாகவில்லை. அந்தத் துணியை ஒருவர் வயிற்றின்மேல் விரித்தால்? பதறிப்போய் எழுதினாள். தன் சொந்த வார்த்தையில், இரண்டு எழுத்துப் பிழையோடு எழுதினாள்.

ஒன்பதாவது கேள்வி: அந்தச் செவிலியருக்கு எத்தனை ஆண்டு அனுபவம்? ஆண்டு என்ற வார்த்தை மேலே பளிச்சென்று தெரிந்தது. பழைய கை தானாக அந்த வரிக்குப் போயிற்று. பன்னிரண்டு என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டாள். வைத்தவள் எடுத்தாள். பன்னிரண்டு ஆண்டு ஓடியது இயந்திரம். அந்த அம்மாவைப் பற்றி இதில் ஒன்றுமே சொல்லவில்லை. எதையாவது எழுதி வைப்போமா என்று ஒரு சபலம். பூனை என்று சொன்ன வாய்தானே. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, "செவிலியரின் அனுபவம் எவ்வளவு என்று இதிலிருந்து தெரியவில்லை" என்று எழுதினாள். தெரியவில்லை என்று அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் தடவை அதுதான்.

எண்பது வந்தது. ஒன்பதாவது கேள்விக்குப் பத்துக்குப் பத்து. எழுதிய பதினான்கு பேரில் பதினோரு பேர் பன்னிரண்டு என்று எழுதியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சமையல்காரரும் அவர்களில் ஒருவர். அவருக்கு இதில் போக வேண்டிய மேல்மாடி எதுவும் இல்லாததால் தப்பித்தார்.

மேலே போய் ஒரு வாரம் கழித்து, வகுப்பு இல்லாத ஒரு மதியம், நூறக்கா அந்த அறைக்கு வந்தாள். டீச்சர் தனியாக உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நன்றி என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தும் அந்த வார்த்தை போதாது என்று நூறக்காவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் ஒரு தாள் கொண்டுவந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்து, இன்றைக்கு உங்களுக்குத்தான் பரீட்சை, எழுதுங்கள் என்றாள்.

கோடு போட்ட தாளில் பெரிய பெரிய எழுத்து.

"ஒரு பெண் பத்தொன்பது வருடம் தனியாக மூட்டை தூக்கினாள். சுவரில் ஒரு பலகை இருந்தது. அவள் அதைத் தினமும் துடைத்தாள். ஒரு நாள் அதைப் படித்தாள். இப்போது கீழே இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். புதிதாக வந்த பெண்ணின் தோள் நன்றாக இருக்கிறது. மூட்டை தூக்கியவள் மேலே உட்கார்ந்து வேலை செய்கிறாள். மிலுக்கன் என்றால் என்ன என்று அவளுக்கு இன்றும் தெரியாது. யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்கிறாள்."

கீழே மூன்று கேள்வி. எத்தனை வருடம் மூட்டை தூக்கினாள்? பலகையை முதலில் என்ன செய்தாள், பிறகு என்ன செய்தாள்? இரண்டுக்கும் டீச்சர் சிவப்புப் பேனாவைக் காதில் செருகிவிட்டு, வேறு பேனாவால் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டாள். மூன்றாவதில் பேனா நின்றது.

இந்தப் பெண் யாருக்கு நன்றி சொல்கிறாள்?

டீச்சர் மேலே போய்த் தேடினாள். கீழே வந்தாள். மறுபடி மேலே போனாள்.

"நன்றின்னு இதுல எங்கயுமே இல்லையேக்கா."

"வரியில இருக்காது டீச்சர். படிச்சாத் தெரியும்."

டீச்சர் தாளைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் எலும்புக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளைத் திருப்பி, ஏதோ கிறுக்கி, முகத்தைக் காட்டாமலே நகர்த்தினாள். நூறக்கா எடுத்துப் பார்த்தாள். 'எனக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. அவளுக்கும் எழுத்து கலங்கித் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை. டீச்சரின் காதிலிருந்து சிவப்புப் பேனாவை உருவி, அந்த ஒற்றை வார்த்தையைச் சுழித்து, தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"முழு வாக்கியமா எழுதுங்க டீச்சர்."